மின் சக்கர நாற்காலி எப்படித் திரும்புகிறது?

மின் சக்கர நாற்காலிக்கு ஸ்டீயரிங் கிடையாது. இயக்கு சக்கரங்கள் இரண்டுக்கும் தனித்தனி மோட்டார். அவற்றின் வேக வேறுபாடே நாற்காலியைத் திருப்புகிறது. ஜாய்ஸ்டிக்கை வலப்புறம் சாய்த்தால் இடது சக்கரம் விரையும், வலது தளரும். இரண்டும் எதிரெதிராகச் சுழன்றால் நாற்காலி நின்ற இடத்திலேயே சுற்றும். இரண்டாம் உலகப் போரில் காயமுற்ற வீரர்களுக்காகக் கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் ஜார்ஜ் கிளைன் குழுவினர் வடிவமைத்த நாற்காலியிலேயே இந்த ஏற்பாடு இருந்தது.

சுழற்சியின் மையம் இயக்கு சக்கரங்களின் அச்சில் இருக்கிறது. ஆகவே, வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியது அவை அமைந்த இடம். உடலுக்கு நேர்கீழே இருந்தால் குறுகலான சமையலறையிலும் திரும்பலாம். ஆனால் முன்னும் பின்னும் உள்ள சிறு சக்கரங்கள் மேடுகளில் ஊன்றிக்கொள்ள, பள்ளத்தின் மேல் இயக்கு சக்கரம் பிடிப்பின்றிச் சுழலக்கூடும். நல்ல சஸ்பென்ஷன் இதைக் குறைக்கும். பின்சக்கர இயக்கம் நேர்ப்பாதையில் நிலையானது, திரும்பக் கூடுதல் இடம் கேட்பது. முன்சக்கர இயக்கம் சிறு தடைகளை எளிதில் ஏறும்.

பிரேக் தலைகீழாக வேலை செய்கிறது: மின்சாரம் பாய்ந்தால் விடும், நின்றால் ஸ்பிரிங் இறுக்கிப் பிடிக்கும். சரிவில் பேட்டரி தீர்ந்தாலும் நாற்காலி உருளாது. தள்ளிச் செல்ல நெம்புகோலால் விடுவிக்க வேண்டும்.

பெரும்பாலான நாற்காலிகள் 24 வோல்ட்டில் இயங்குகின்றன. லித்தியம் பேட்டரி ஈயஅமில பேட்டரியைவிட எடை குறைவு. விளம்பரத்தில் காணும் தூரம் பெரும்பாலும் சமதளத்துக்கானது. ஏற்றமும் உடல் எடையும் அதைக் குறைக்கும். மோட்டார் திறனைவிட இருக்கையின் அளவும் மெத்தையும் முக்கியம். பொருந்தாவிட்டால் படுக்கைப் புண் வரக்கூடும்.