அம்மா போடும் அட்டவணை, குழந்தை தேர்ந்தெடுக்கும் பாடம்

நியூயார்க் மாநிலத்தில் குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைக்க விரும்பும் பெற்றோர், ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 1ஆம் தேதிக்குள் உள்ளூர்க் கல்வி அதிகாரிக்கு அதை எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். பிறகு என்னென்ன பாடம், எந்தெந்தப் புத்தகம் என்று ஆண்டுத் திட்டம் ஒன்றைக் கொடுக்க வேண்டும். ஆண்டுக்கு நான்கு முறை அறிக்கை அனுப்ப வேண்டும். ஆறாம் வகுப்பு வரை 900 மணி நேரமும் அதற்கு மேல் 990 மணி நேரமும் பாடம் நடந்திருக்க வேண்டும். அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் வீட்டுக்கல்விக்குச் சட்டப்படி இடம் உண்டு. ஆனால் இவ்வளவு கறாராகக் கணக்குக் கேட்கும் மாநிலங்கள் சிலவே.

900 மணி நேரத்தை 180 நாட்களுக்குப் பங்கிட்டால் நாளுக்கு ஐந்து மணி நேரம். முதன்முறையாகத் திட்டம் போடும் பெற்றோர் பலர் அந்த ஐந்து மணி நேரத்தையும் பள்ளியைப் போலவே பீரியடுகளாகப் பிரித்து நிரப்பிவிடுகிறார்கள். முதல் சில வாரங்கள் உற்சாகமாகப் போகும். பிப்ரவரிவாக்கில் கணக்கு நோட்டை எடுத்தாலே குழந்தை முகத்தைத் திருப்பிக்கொள்ளும். ஸ்டிக்கரும் சாக்லேட்டும் ‘இத்தனை பக்கம் முடித்தால் இத்தனை ரூபாய்’ என்ற ஒப்பந்தமும் வீட்டுக்குள் நுழைவது இந்தக் கட்டத்தில்தான்.

அந்த ஒப்பந்தம் என்ன செய்யும் என்பதை 1973இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகிய மூன்று உளவியலாளர்கள் சோதித்துக் காட்டினார்கள். இடம், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக வளாகத்தில் உள்ள பிங் நர்சரி பள்ளி. ஸ்கெட்ச் பேனாவால் படம் வரைவதில் தானாகவே ஈடுபாடு காட்டிய குழந்தைகளை மட்டும் தேர்ந்தெடுத்து, மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். முதல் குழுவிடம், வரைந்தால் தங்க நட்சத்திரமும் ரிப்பனும் வைத்த சான்றிதழ் கிடைக்கும் என்று முன்கூட்டியே சொன்னார்கள். இரண்டாம் குழுவுக்கு எதுவும் சொல்லாமல், வரைந்து முடித்த பிறகு அதே சான்றிதழைக் கொடுத்தார்கள். மூன்றாம் குழுவுக்குப் பரிசே இல்லை. ஓரிரு வாரம் கழித்து அதே பேனாக்களை வகுப்பில் சும்மா வைத்துவிட்டு, யார் எவ்வளவு நேரம் வரைகிறார்கள் என்று மறைந்திருந்து கவனித்தார்கள். பரிசுக்காக வரைந்த குழந்தைகள், மற்ற இரு குழுவினர் வரைந்த நேரத்தில் ஏறக்குறைய பாதி நேரம்தான் வரைந்தார்கள்.

இதில் இரண்டாம் குழுவைக் கூர்ந்து பார்க்க வேண்டும். அவர்களுக்கும் அதே சான்றிதழ்தான்; ஆர்வம் குறையவில்லை. கெடுத்தது பரிசல்ல, ‘இதைச் செய்தால் அது கிடைக்கும்’ என்ற பேரம். எட்வர்டு டெசி, ரிச்சர்ட் கோஸ்ட்னர், ரிச்சர்ட் ரயன் மூவரும் 1999இல் இப்படிப்பட்ட 128 சோதனைகளைத் திரட்டி ஆராய்ந்தபோதும், முன்கூட்டிப் பேசி வைத்துக் கொடுக்கும் பொருட்பரிசு உள்ளார்வத்தைக் குறைக்கிறது என்றே தெரிந்தது. சுவாரசியமே இல்லாத வேலைகளில் இந்த இழப்பு தென்படவில்லை. ஆகவே வாய்ப்பாடு ஒப்பிக்கும் குழந்தைக்கு ஒரு ஸ்டிக்கர் கொடுப்பதால் பெரிய நஷ்டம் இல்லை. கதைப் புத்தகத்தை விரும்பிப் படிக்கிற குழந்தைக்குப் பக்கக் கணக்கில் காசு கொடுப்பதுதான் ஆபத்து.

பரிசு வேண்டாம் என்றால் வேறு என்ன? அதே லெப்பர், 1996இல் டயானா கோர்டோவாவுடன் சேர்ந்து ஒரு கணினி விளையாட்டைக் கையில் எடுத்தார். நான்காம், ஐந்தாம் வகுப்புக் குழந்தைகளுக்கு, ஒரு கணக்கில் பெருக்கல் முதலில் வருமா கூட்டல் முதலில் வருமா என்ற வரிசை விதியைக் கற்றுத்தரும் விண்வெளி விளையாட்டு அது. சில குழந்தைகள் தங்கள் விண்கலத்துக்குப் பெயர் வைக்கலாம், திரையில் அது எப்படித் தெரிய வேண்டும் என்று தேர்ந்தெடுக்கலாம். கணக்கு எல்லோருக்கும் ஒன்றே. பெயருக்கும் கணக்குக்கும் தொடர்பே இல்லை. ஆனாலும் தேர்வு செய்ய வாய்ப்புக் கிடைத்த குழந்தைகள் கூடுதல் ஆர்வத்தோடு விளையாடினார்கள். பின்னர் வைத்த தேர்விலும் கூடுதலாகக் கற்றிருந்தார்கள். எதைப் படிக்க வேண்டும் என்பதைப் பெரியவர் முடிவு செய்தாலும், எந்த நோட்டில், எந்த இடத்தில், எதை முதலில் என்பதைக் குழந்தையிடம் விட்டுவிடலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

ஆனால் இந்த இடத்தில் கதை திரும்புகிறது. 1999இல் ஷீனா ஐயங்காரும் லெப்பரும், கலைந்து கிடக்கும் எழுத்துகளைச் சேர்த்துச் சொல்லாக்கும் புதிர்களை ஏழு முதல் ஒன்பது வயது வரையுள்ள குழந்தைகளிடம் கொடுத்தார்கள். சிலர் தாங்களே புதிரைத் தேர்ந்தெடுத்தார்கள். சிலருக்கு ஆய்வாளர் தேர்ந்தெடுத்தார். சிலரிடம் ‘இது உன் அம்மா உனக்காகத் தேர்ந்தெடுத்தது’ என்று சொல்லப்பட்டது. ஐரோப்பிய வம்சாவளிக் குழந்தைகள், தாங்களே தேர்ந்தெடுத்தபோதுதான் அதிகப் புதிர்களை விடுவித்தார்கள். ஆசிய வம்சாவளிக் குழந்தைகளோ, அம்மா தேர்ந்தெடுத்தது என்று நம்பியபோது மிகச் சிறப்பாகச் செய்தார்கள். அந்நியர் ஒருவர் தேர்ந்தெடுத்ததை இரு தரப்பினருமே அவ்வளவாக விரும்பவில்லை.

நம் வீடுகளுக்கு இந்த முடிவு மிக முக்கியம். குழந்தைக்குத் தேர்வுரிமை கொடுங்கள் என்ற அறிவுரை மேற்கிலிருந்து வரும்போது, எல்லாவற்றையும் குழந்தையே தனியாக முடிவு செய்ய வேண்டும் என்பது போல ஒலிக்கிறது. ஆனால் தன்னை நன்றாக அறிந்த, தன் மேல் அக்கறையுள்ள ஒருவர் எடுத்த முடிவைக் குழந்தை தன் முடிவாகவே ஏற்றுக்கொள்ளும். அதற்கு அந்த நெருக்கம் உண்மையாக இருக்க வேண்டும். எங்கோ அச்சான அட்டவணையை அப்படியே இறக்குமதி செய்து ‘இன்று பக்கம் 42’ என்று சொல்லும் அம்மா, அந்தச் சமயத்தில் குழந்தைக்கு அந்நியராகிவிடுகிறார்.

சரி, அட்டவணையை எப்படிப் போடுவது? 180 நாள் என்பது வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் 36 வாரம். அமெரிக்க வீட்டுக்கல்விக் குடும்பங்கள் பல, ஆறு வாரம் பாடம், ஒரு வாரம் ஓய்வு என்று நடத்துகின்றன. அப்படி ஆறு சுற்று ஓடினாலும் ஆண்டில் பத்து வாரம் மிஞ்சும்; காய்ச்சல், கல்யாணம், ஊருக்குப் போவது எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். பிப்ரவரிச் சோர்வு வருவதற்கு முன்பே ஓய்வு வந்து நிற்பது இதன் பெரிய வசதி.

அதைவிடக் கடினமான கேள்வி, ஒவ்வொரு வாரத்துக்குள்ளும் என்ன வைப்பது என்பது. பாடநூல்கள் அத்தியாயம் அத்தியாயமாக நகர்கின்றன. அக்டோபரில் பின்னத்தை முடித்தால் மறுபடி ஆண்டுத் தேர்வில்தான் பார்ப்போம். அமெரிக்க உளவியலாளர் டக் ரோரரும் சகாக்களும் ஏழாம் வகுப்பு மாணவர்களின் கணக்குப் பயிற்சியை வைத்து இதை ஆராய்ந்து 2015இல் வெளியிட்டார்கள். ஒரே வகைக் கணக்குகளைத் தொகுத்துப் போடுவது ஒரு முறை. பல வகைகளையும் வாரக்கணக்கில் கலந்து போடுவது இன்னொரு முறை. மீள்பார்வைக்கு மறுநாள் வைத்த தேர்வில் கலந்து செய்த பாடத்தில் 80 சதவீதமும், தொகுத்துச் செய்ததில் 64 சதவீதமும் சரியான விடைகள். ஒரு மாதம் கழித்து வைத்தபோது 74க்கு 42 என்று இடைவெளி இன்னும் விரிந்தது.

கலந்து செய்யும்போது தவறுகள் அதிகம் வரும், குழந்தை சலித்துக்கொள்ளும். அன்றைய நோட்டில் விழும் சரி, தப்பை மட்டும் பார்க்கும் பெற்றோருக்கு இந்த முறை தோல்வி போலத் தெரியும். உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கியும் 2006இல் கல்லூரி மாணவர்களிடம் கண்டதும் இதுவே. ஒரு பகுதியை மீண்டும் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து முந்தினார்கள். புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களோ, ஒரு வாரம் கழித்து 56க்கு 42 சதவீதம் என்று அவர்களைத் தாண்டிவிட்டார்கள். அதனால் ‘இது கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கும், மறக்காமல் இருப்பதற்காகச் செய்கிறோம்’ என்று குழந்தையிடம் முன்பே சொல்லிவிடுவது நல்லது.

இங்கிலாந்தின் ஆம்பிள்சைடில் வாழ்ந்த கல்வியாளர் சார்லட் மேசன் (1842–1923) இந்தச் சோதனைகளுக்கு வெகுகாலம் முன்பே ஒரு பழக்கத்தை வகுத்திருந்தார். ஒரு பகுதியை ஒரே ஒரு முறை வாசித்தல். உடனே குழந்தை அதைத் தன் சொற்களில் திரும்பச் சொல்லுதல். சிறு குழந்தைகளுக்கு ஒரு பாடம் இருபது நிமிடத்தைத் தாண்டக் கூடாது என்றார். மதிப்பெண்ணையும் பரிசையும் காட்டிப் படிக்கவைப்பதை எதிர்த்தார். இன்றும் உலகெங்கும் வீட்டுக்கல்விக் குடும்பங்கள் அவரைப் பின்பற்றுகின்றன. காலையில் இருபது நிமிடப் பாடங்கள் சில, மதியம் தோட்டம், கைவேலை, ஓவியம் என்று வைத்தால் நியூயார்க்கின் ஐந்து மணி நேரமும் திணறாமல் நிறைந்துவிடும்.

தேர்வு எழுதும் வயதிலும் இந்தத் தேர்வுரிமைக்கு இடம் உண்டு. இந்தியாவில் வீட்டுக்கல்வி பெறும் பிள்ளைகள் பலர் பத்தாம் வகுப்புச் சான்றிதழுக்குத் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தை நாடுகிறார்கள். குறைந்தபட்ச வயது 14. ஒருமுறை பதிவு செய்தால் ஐந்து ஆண்டுகள் செல்லும். அதற்குள் ஒன்பது முறை தேர்வு எழுதலாம். பொதுத் தேர்வு ஆண்டுக்கு இரண்டு முறை நடக்கிறது. தேறிய பாடத்தின் மதிப்பெண் கணக்கில் சேர்ந்துகொண்டே வரும். எல்லாப் பாடங்களையும் ஒரே மாதத்தில் எழுதியாக வேண்டிய கட்டாயம் இல்லாததால், மொழிப்பாடங்களை முதலில் முடித்துவிட்டுக் கணிதத்தை அடுத்த பருவத்துக்குத் தள்ளிவைக்கலாமா என்பதைப் பதினான்கு வயதுப் பிள்ளையிடமே கேட்டு, அதற்கேற்ப ஆண்டுத் திட்டத்தை எழுத முடியும்.