கச்சான் காற்றும் எட்டடிப் பலகையும்

ஆடி மாதம் எங்கள் ஆலங்குளத்தில் மாடியில் துணி காயப்போட்டால், ஒரு வேட்டிக்கு நாலு கிளிப் மாட்ட வேண்டும். இல்லாவிட்டால் பக்கத்துத் தெருவில் போய்த்தான் எடுத்து வர வேண்டும். மேற்கே மலையேறி வரும் காற்று மழையை எல்லாம் கேரளப் பக்கமே கொட்டிவிடும். எங்களுக்கு மிஞ்சுவது வேகமும் புழுதியும்தான். திருநெல்வேலி–தென்காசிச் சாலையில் இருக்கும் ஆலங்குளம் வேறு. நான் சொல்வது ராஜபாளையம் பக்கத்து ஆலங்குளம், அரசு சிமெண்ட் ஆலை இருக்கும் ஊர்.

எங்களூர்க்காரர்களுக்குக் கடல் பழக்கமில்லை. தண்ணீர் என்றால் கண்மாயும் கிணறும். காய்ந்த சுரைக்குடுக்கையை முதுகில் கட்டி, மாமா கிணற்றுக்குள் தள்ளிவிட்டதுதான் எனக்குக் கிடைத்த நீச்சல் பயிற்சி. அந்தத் தகுதியோடு, நாற்பது வயதுக்கு மேல், இலங்கையின் கிழக்குக் கரையில் அறுகம்பேயில் அலைச்சறுக்குக் கற்றுக்கொள்ளப் போய் நின்றேன். கொழும்பிலிருந்து சுமார் 320 கிலோமீட்டர். அம்பாறை மாவட்டம், பொத்துவில்லை ஒட்டிய சின்னக் குடா. உலகம் முழுவதிலிருந்தும் சர்ஃபிங் செய்பவர்கள் வந்து குவியும் இடம். அங்கே பாடம் தமிழிலேயே கிடைக்கும்.

பயிற்றுநருக்கு என் அக்கா மகன் வயதுதான் இருக்கும். கடலைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நல்ல காலத்தில வந்திருக்கிறீங்க அண்ணன். கச்சான் அடிக்குது."

இலங்கையில் கச்சான் என்றால் நிலக்கடலை. யாரோ கடலை வறுக்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். அவர் சிரித்துவிட்டு மேற்கே கையைக் காட்டினார். தரையிலிருந்து கடலை நோக்கி வீசும் வறண்ட காற்றுக்கும் அங்கே கச்சான் என்றுதான் பெயர். இலங்கையின் நடுமலைகளில் மழையைக் கொட்டிவிட்டு, வெறுங்கையோடு கிழக்கே இறங்கும் தென்மேற்குப் பருவக்காற்று அது. எங்கள் வேட்டியைப் பறக்கவிடும் அதே காற்றின் இன்னொரு கிளை. அந்தக் காற்றுக்கு அங்கே என்ன வேலை என்று தெரிந்தால், அலைச்சறுக்கில் பாதி புரிந்த மாதிரி.

அலை எங்கிருந்து வருகிறது?

நெல் வயலில் காற்றடிக்கும்போது ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நெளிவு ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். எந்தப் பயிரும் வேரைவிட்டு நகர்வதில்லை. சாய்ந்து நிமிர்கிறது, அவ்வளவே. ஆழ்கடலிலும் அதுதான் நடக்கிறது. அலை கடந்து போகையில் நீர் ஒரு வட்டம் சுற்றி, ஏறக்குறைய பழைய இடத்துக்கே வந்துவிடும். காற்று கொடுத்த ஆற்றல்தான் பயணம் போகிறது.

அறுகம்பேக்கு மே முதல் செப்டம்பர் வரை வரும் பெரிய அலைகள் அங்கே பிறந்தவை அல்ல. பூமத்திய ரேகைக்குத் தெற்கே 40, 50 பாகைகளில், அண்டார்டிகாவைச் சுற்றும் பெருங்கடலில், அது குளிர்காலம். அங்கே நாள்கணக்கில் வீசும் புயல்காற்று கடலை உலுக்கிவிடுகிறது. முதலில் எல்லாம் தாறுமாறான கொந்தளிப்பு. பிறந்த இடத்தைவிட்டு விலக விலக நீளமான அலைகள் முந்த, குட்டை அலைகள் பின்தங்க, கூட்டம் தானாக வரிசைப்பட்டுவிடும்.

14 விநாடிக்கு ஒருமுறை வரும் அலையை எடுத்துக்கொள்வோம். ஆழ்கடலில் ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடையே சுமார் 300 மீட்டர் இருக்கும். முகடு மணிக்கு 80 கிலோமீட்டருக்கு அருகே ஓடும். ஆனால் அலைக்கூட்டம் மொத்தமாக நகர்வது அதில் பாதி வேகத்தில்தான். 5,500 கிலோமீட்டரைக் கடக்க ஏறக்குறைய ஆறு நாள் ஆகும். நான் திங்கட்கிழமை பார்த்த அலையைப் போன வாரத்துப் புயல் ஒன்று அனுப்பியிருக்க வேண்டும்.

கடலின் ஆழம் அலைநீளத்தில் பாதிக்கு மேல் இருக்கும்வரை அலைக்குத் தரை தெரியாது. ஆழம் குறையக் குறைய வேகம் தடைபடும், நீளம் சுருங்கும், உயரம் கூடும். கடைசியில் ஆழம், அலை உயரத்தின் ஒன்றேகால் மடங்கு அளவுக்கு வந்ததும் உச்சி அடியை முந்திக்கொண்டு கவிழும். ஒரு மீட்டர் அலை, ஒன்றேகால் மீட்டர் தண்ணீரில் உடையும். அந்த நேரத்தில் கடல்பக்கமிருந்து காற்றடித்தால் அலையின் முகம் கசங்கி, முன்கூட்டியே சரிந்துவிடும். கரைப்பக்கமிருந்து அடித்தால் காற்று அலையின் முகத்தை ஏந்திப் பிடித்து, இஸ்திரி போட்டதுபோல் வழவழப்பாக்கும். கச்சானின் வேலை அதுதான். தெற்கே ஒரு காற்று நெய்து அனுப்புகிறது. இங்கே ஒரு காற்று மடிப்பு எடுக்கிறது.

பலகை எப்படி வேலை செய்கிறது?

புதிதாகக் கற்பவருக்குத் தருவது எட்டு, ஒன்பது அடி நீளமுள்ள மெத்துப் பலகை. உள்ளே தெர்மாகோல் வகை நுரை. மேலே மிருதுவான நுரைப்பாய். அடியில் வழுக்கும் பிளாஸ்டிக். மூக்கு சற்று மேல்நோக்கி வளைந்திருக்கும். வால்பக்கம் அடியில் மூன்று துடுப்புச் செதில்கள், மீனுக்கு இருப்பதுபோல. பலகை பக்கவாட்டில் நழுவாமல் நேராகப் போக அவையே காரணம். வாலிலிருந்து ஒரு கயிறு கணுக்காலில் மாட்டப்படும்.

பலகையின் கொள்ளளவு 80 லிட்டர் என்றால், முழுதும் அமிழும்போது 80 கிலோ நீரை விலக்கும். சுரைக்குடுக்கையின் கணக்கேதான்: படுத்திருக்கும்வரை தாங்குவது ஆர்க்கிமிடீஸ். வேகம் கூடியதும் வேறொரு விசை துணைக்கு வருகிறது. கண்மாயில் ஓட்டாஞ்சில்லைச் சாய்த்து எறிந்தால் மூழ்காமல் தத்திப் போகுமே, அந்த விசை. தட்டையான அடிப்பரப்பு நீரைக் கீழே தள்ள, நீர் பதிலுக்கு மேலே தள்ளுகிறது. நின்ற இடத்தில் ஆடிக் கவிழும் பலகை, ஓடும்போது கெட்டியாக நிற்பது அதனால்தான்.

உடையாத அலையில் நிபுணர்கள் செய்வது சறுக்குமரம் விளையாட்டு. சறுக்குமரத்துக்கு ஒரு முடிவு உண்டு. அலையின் சரிவோ நம் காலடியில் எழுந்துகொண்டே இருக்கும். மேலே ஏறும் எஸ்கலேட்டரில் கீழே இறங்குபவர் ஒரே உயரத்தில் நிற்பதுபோல, அலைமேல் இருப்பவர் இறங்கிக்கொண்டே இருக்கிறார், ஆனால் அடிவாரத்துக்கு வருவதில்லை.

இந்த வித்தையைக் கலையாக வளர்த்தவர்கள் பசிபிக் தீவு மக்கள். கேப்டன் குக்கின் மூன்றாம் பயணத்தில், 1779-இல், ஹவாய்க்காரர்கள் அலைமேல் பலகையில் வருவதை அவருடைய அதிகாரி ஜேம்ஸ் கிங் எழுதிவைத்தார். அவர்களுடைய பலகை மரங்களில் ஒன்று விலிவிலி. அது நம் கல்யாண முருங்கையின் நெருங்கிய உறவு; சளிக்கு அடை தட்டும் இலை தரும் அதே குடும்பத்து லேசான மரம். 1912-இல் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் நீச்சல் தங்கம் வென்ற ஹவாய்க்காரர் டியூக் கஹானமோகு, தான் போன நாடுகளில் அலைச்சறுக்கையும் பரப்பினார். 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் அதுவே போட்டியாகச் சேர்ந்தது.

நம் கரையிலும் உடையும் அலையைத் தாண்டுவது அன்றாடப் பிழைப்பு. கட்டுமரம் உள்ளே நீர் தேங்காத மிதவை. அலை மேலேறிப் போனால் வழிந்துவிடும். திரும்பும்போது சரியான அலையைப் பிடித்து அதன் முதுகில் கரையேறுவது மீனவருக்குக் கைவந்த கலை. சென்னைக்குத் தெற்கே கோவளத்தில் மீனவரான மூர்த்தி மேகவன் பலகைக்கு மாறி, பள்ளி தொடங்கி, குப்பத்து இளைஞர்களைப் பயிற்றுநர்களாக்கினார். 2025 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் நடந்த ஆசிய அலைச்சறுக்குப் போட்டியில் இந்தியாவின் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்றார். அறுகம்பேயில் 2018-இல் பெண்களுக்கென்றே ஒரு சர்ஃப் கழகம் தொடங்கியது. இலங்கையில் அப்படி ஒன்று அதுவே முதல்.

மணலில் ஒரு மணி நேரம்

முதல் பாடத்தில் தண்ணீர் கிடையாது. மணலில் விரலால் பலகையின் உருவத்தை வரைந்து, "இதில படுங்க" என்றார்.

குப்புறப் படுக்க வேண்டும். கால் விரல்கள் வாலருகே. கைகளால் ஆழமாக நீரை வாரி இழுப்பது முதல் அசைவு. பிறகு உள்ளங்கைகளை விலாவுக்குப் பக்கத்தில் ஊன்றி, புஜங்காசனம்போல் நெஞ்சைத் தூக்க வேண்டும். அடுத்து ஒரே மூச்சில் இரண்டு காலையும் உடம்புக்கு அடியில் கொண்டுவந்து நிற்க வேண்டும். முழங்காலில் உட்கார்ந்து, யோசித்து, எழுந்திருக்கும் வழக்கம் இங்கே செல்லாது. எழுந்ததும் முழங்கால் மடங்கியிருக்க வேண்டும்; பார்வை கரைமேல்.

எந்தக் கால் முன்னால்? நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே பின்னாலிருந்து மெல்லத் தள்ளிவிட்டார். விழாமல் இருக்க எந்தக் கால் தானாக முன்னே போனதோ அதுவே முன்கால். எனக்கு இடது.

அடுத்தது விழுவதற்கான பாடம். தலைகுப்புறப் பாயக்கூடாது, கிணற்றில் குதித்துப் பழகியவர்களுக்கு இதுதான் பெரிய ஆபத்து. அடியில் இடுப்பளவு தண்ணீர்தான், தரையில் மணலோ பாறையோ. பலகையைவிட்டு விலகி, மல்லாந்தோ பக்கவாட்டிலோ தட்டையாக விழ வேண்டும். மேலே வரும்போது கைகளால் தலையை மூடிக்கொள்ள வேண்டும், பலகை எங்கே மிதக்கிறது என்று தெரியாது. அலைக்கும் நமக்கும் நடுவே பலகையை வைக்கவே கூடாது; அலை அதைத் தூக்கி நம் முகத்தில் அடிக்கும்.

பிறகு கடலில் ஓர் இடத்தைக் காட்டி, "அங்க அலையே இல்ல, பாத்தீங்களா? அமைதியா இருக்கு, இறங்கலாம்னு தோணும். அதுதான் பொல்லாத இடம்" என்றார். அலைகள் கரைக்குக் கொண்டுவந்து குவித்த தண்ணீர் திரும்பிப் போக ஒரு வழி வேண்டும். ஆழமான ஒரு வாய்க்கால் கண்டால் அதன் வழியே ஒன்றுசேர்ந்து பாயும். எதிர்த்து நீந்தினால் ஒலிம்பிக் வீரருக்கும் தோல்விதான். பதறாமல் மிதந்து, கரைக்கு இணையாக நீந்தி அந்த ஓட்டத்திலிருந்து வெளியேறி, பிறகு கரைக்குத் திரும்ப வேண்டும். தேர்ந்தவர்களோ அதையே உள்ளே போகும் இலவச வண்டியாகப் பயன்படுத்துகிறார்கள்.

தெற்கிலிருந்து வரும் அதே நெடும்பயண அலைகளுக்குக் கேரளக் கரையில் இன்னொரு பெயர் உண்டு: கள்ளக்கடல். உள்ளூரில் காற்றோ மழையோ இல்லாதபோது திருடனைப்போல் கரையேறுவதால் மீனவர் வைத்த பெயர். 2012-இல் யுனெஸ்கோ அதை அறிவியல் சொல்லாக ஏற்றது. 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரை ஒன்றில் ஐந்து மருத்துவ மாணவர்கள் உயிரிழந்தது, கள்ளக்கடல் எச்சரிக்கை அமலில் இருந்த நாளில்தான். வானம் தெளிவாக இருக்கிறதே என்று கடலில் கால் வைக்கக்கூடாது. எச்சரிக்கையைப் பார்த்துவிட்டே இறங்க வேண்டும்.

தண்ணீரில் ஒரு மணி நேரம்

அறுகம்பேயின் பேர்பெற்ற அலை, முனையை வளைத்துக்கொண்டு பாறைமேல் நீளமாக உடைவது. எங்களை அங்கே விடவில்லை. குடாவுக்குள் ஒதுங்கிய, பெரும்பாலும் மணல் தரையுள்ள, பேபி பாயிண்ட் என்ற இடத்துக்குக் கூட்டிப்போனார். கற்பவர்களுக்கு உரியது உடைந்து வரும் வெண்நுரை. உடையாத அலையில் நீர் முன்னேறுவதில்லை என்றேன். உடைந்த பிறகு கதை வேறு: நீரே கரையை நோக்கி ஓடுகிறது. அதனால் அது நம்மைத் தேடி வந்து தள்ளும். கணிப்புத் தப்பினாலும் மன்னிக்கும்.

இடுப்பளவு ஆழத்தில் அலையின் வேகம் மணிக்கு 12 கிலோமீட்டர் அளவு, நிதானமாக மிதிக்கும் சைக்கிளுக்குச் சமம். என் கைகள் பலகையை நகர்த்தியது நடை வேகத்தில். ஓடும் பேருந்தில் தொற்றுபவர் அதனோடு பத்தடி ஓடித்தானே கம்பியைப் பிடிப்பார்? அந்தப் பத்தடியை எனக்காக ஓடியவர் பயிற்றுநர்: இடுப்பளவு நீரில் நின்றுகொண்டு, அலை வந்ததும் பலகையின் வாலைப் பிடித்துத் தள்ளினார்.

முதல் தடவை முன்னால் சாய்ந்துவிட்டேன். பலகையின் மூக்கு தண்ணீரைக் குத்தி, நான் அதற்கு மேலாகப் பறந்தேன். அடுத்த தடவை பயந்து பின்னால் சரிந்தேன். வால் அமிழ, அலை என்னை விட்டுவிட்டுப் போனது. நடுவே உள்ளங்கை அகலம்தான் சரியான இடம். ஐந்தாவதோ ஆறாவதோ, எழுந்தேன், காலைப் பார்த்தேன், விழுந்தேன். "கீழ பாக்காதீங்க அண்ணன். அந்தத் தென்னையப் பாருங்க." தலை போகும் பக்கம்தான் உடம்பின் எடையும் போகும் என்பது அந்த வசனத்தின் இயற்பியல்.

தென்னையைப் பார்த்தேன். பலகை சலசலவென்று ஓடியது. காலுக்குக் கீழே தண்ணீர் ரோடுபோல் இறுகியிருந்தது. நாலு விநாடி இருக்கும். ஆறு நாள் நடந்து வந்த அலை, கடைசி நாலு விநாடிக்கு என்னையும் ஏற்றிக்கொண்டு, முட்டளவு நீரில் இறக்கிவிட்டு மணலில் கலைந்தது.

வாயெல்லாம் உப்போடு திரும்பி, நின்றேனா என்று கேட்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பலகையத் திருப்புங்க அண்ணன். அடுத்தது வருது."