தாத்தா மூக்கில் புது மச்சமா?

குட்டீஸ், வில்லியனூர் பக்கம் ஒதியம்பட்டு மாதிரி கிராமத்தில் உங்கள் தாத்தா வீடு இருக்கிறதா? அடுத்த முறை போகும்போது அவர் முகத்தை உற்றுப் பாருங்கள். மூக்கிலோ, கண்ணுக்குக் கீழேயோ புதிதாக ஒரு கறுப்புப் புள்ளி, மேடாகப் பளபளக்கிறதா? நடுவில் புண்ணாகி, ஆறுவது போல ஆறி, மறுபடியும் புண்ணாகிறதா?

"மச்சம்தான், விடு" என்பார் தாத்தா. விடாதீர்கள்!

உலகில் அதிகம் பேருக்கு வரும் தோல் புற்றுநோய், 'பேசல் செல் கார்சினோமா'. மேல்தோலின் அடி வரிசையில் இருப்பவை பேசல் செல்கள். அவை பிரிந்து பிரிந்து புதிய செல்களை உருவாக்கும். புதியவை மேலே நகர்ந்து, சுமார் ஒரு மாதத்தில் உதிரும். பல ஆண்டுகள் வயல் வெயிலில் நின்றால், புற ஊதாக் கதிர்கள் செல்லுக்குள் இருக்கும் மரபுக் கட்டளைகளைக் கெடுத்துவிடலாம். அப்போது, நிறுத்தத் தெரியாமல் ஒரு செல் பிரிந்துகொண்டே போகும். அதுதான் இந்தக் கட்டி!

நம் தோலுக்கு நிறம் தரும் மெலனின், ஒரு குடை மாதிரி. அதனால், வெள்ளைக்காரர்களைவிட நமக்கு இந்நோய் மிகக் குறைவு. ஆனால், வரவே வராது என்று சொல்ல முடியாது. வெள்ளைத் தோலில் முத்துப்போல் தெரியும் கட்டி, நம் தோலில் பெரும்பாலும் கறுப்பாக இருக்கும். அதனால்தான் மச்சம் என்று ஏமாந்துவிடுகிறோம்.

பயம் வேண்டாம். இது தொற்றாது. உடம்பில் வேறு இடங்களுக்குப் பரவுவதும் அரிது. ஆனால், கவனிக்காமல் விட்டால் மூக்கையும் இமையையும் மெல்ல மெல்ல அரித்துவிடும்.

டாக்டர் முதலில் துளித் தோலை எடுத்துப் பரிசோதிப்பார். நோய் உறுதியானால், அந்த இடத்தை மரத்துப்போகச் செய்து, சுற்றியுள்ள கொஞ்சம் நல்ல தோலோடு கட்டியை வெட்டி எடுப்பார். அடுக்கடுக்காக எடுத்து, ஒவ்வொரு அடுக்கையும் மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் முறையும் உண்டு. 1930களில் இதைத் தொடங்கியவர், அமெரிக்க டாக்டர் ஃபிரெடரிக் மோஸ். சீக்கிரம் போனால், பெரும்பாலும் முழுவதும் குணமாகிவிடும்.

புதுச்சேரியிலேயே ஜிப்மர் இருக்கிறது. 1823ல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழி வந்த ஆஸ்பத்திரி அது. தோல் நோய்க்கும் புற்றுநோய்க்கும் அங்கே தனிப் பிரிவுகள் உண்டு.

எனவே, சுண்ணாம்பு தடவ விடாதீர்கள். ஒரு மாதமாகியும் புண் ஆறவில்லையா? உடனே அப்பா, அம்மாவிடம் சொல்லுங்கள். தாத்தா வர மறுத்தால், கையைப் பிடித்து இழுங்கள். பேரப்பிள்ளை கூப்பிட்டால் வராமல் போவாரா என்ன?