நியூஜிலாந்து மலைப் பண்ணைகளில் கைவிடப்பட்ட விமானத் தளங்கள்

நியூஜிலாந்தின் மலைப்பாங்கான ஆட்டுப் பண்ணைகளில், மேட்டு முகடுகளின்மீது நீண்டு குறுகிய புல்தரைகள் பல காணப்படும். சிலவற்றின் ஒரு கோடியில் எரு சேமிக்கும் கொட்டகை வெறுமையாய் நிற்கும். எரு தூவும் ஆகாய விமானங்களுக்கெனப் பண்ணைக்காரர் தம் சொந்த நிலத்தில் அமைத்துப் பின்னர் கைவிட்ட தளங்களே இவை.

தோன்றிய காரணம்

அந்நாட்டில் காடுகளை எரித்துப் புல் விதைத்த சரிவுகள், சாம்பலின் சத்து உள்ளவரை சில ஆண்டுகள் செழித்தன. பிறகு மணிச்சத்துக் குறைவினால் புல் மெலிந்தது, புதர் மண்டிற்று, மண்ணும் சரிந்தது. சூப்பர் பாஸ்பேட் இட்டால் குளோவர் என்னும் அவரையினத் தீவனப்பயிர் வளர்ந்து, தழைச்சத்தையும் நிலத்தில் சேர்க்கும். ஆயினும் வண்டி ஏறாத செங்குத்துச் சரிவுகளில் எருவைக் குதிரைமீது கொண்டுசென்று கையால் தூவுவது பெருஞ் செலவாயிற்று.

1948 செப்டம்பரில் அந்நாட்டு விமானப் படையினர் அவெஞ்சர் விமானத்தால் எரு தூவிச் சோதனை செய்தனர். 1949-ல் தனியார் கம்பெனிகள் டைகர் மாத் என்னும் சிறு விமானங்களுடன் தொழிலைத் தொடங்கின. 1954-ல் முதன்முதல் பறந்த பிளெட்சர் விமானம் இத்தொழிலுக்கெனவே உருவாக்கப்பட்டதாகும்.

தளத்தின் அமைப்பு

விமானம் சில நிமிஷங்களுக்கு ஒருமுறை இறங்கி எருவை ஏற்றிச் செல்லவேண்டும். தளம் தொலைவிலிருந்தால் கூலி மிகும். ஆகையால் எருவிடும் நிலத்தருகிலேயே, பண்ணைக்காரர் தனித்தோ அண்டையாருடன் கூடியோ தளம் அமைத்தனர். பல தளங்கள் சரிவானவை. வெறும் விமானம் மேல்நோக்கி இறங்கும்; பாரமேற்றிய விமானம் கீழ்நோக்கி ஓடி எழும். சரிவே வேகத்தை அடக்கவும் கூட்டவும் உதவிற்று.

கைவிடப்பட்ட காரணம்

1984-ல் பதவியேற்ற சர்க்கார் விவசாய மானியங்களைப் பெரும்பாலும் நிறுத்தியது. பண்ணைக்காரர் முதலில் குறைத்த செலவு எருவே. 1982-ல் ஏறக்குறைய 7 கோடியாயிருந்த ஆடுகள் பிற்காலத்தில் 3 கோடிக்கும் கீழாயின. சில சரிவுகள் பைன் தோட்டங்களாயின. கனத்த புதிய விமானங்களுக்குப் பழைய தளங்களின் நீளம் போதவில்லை. ஹெலிகாப்டருக்கோ ஓடுதளமே வேண்டியதில்லை.

கவனிக்கத்தக்கவை

கைவிட்ட தளம் பார்வைக்குப் பசுமையாய் இருப்பினும் அபாயமானது. நெடும்புல்லும் ஈரமண்ணும் சக்கரத்தைப் பற்றி வேகத்தைக் குறைக்கும். ஒழுகும் கொட்டகையில் நனைந்த எரு கட்டிபட்டு விமானத் தொட்டியில் அடைத்துக்கொள்ளும். ஆபத்து வேளையில் பாரத்தை உதற முடியாது. இத்தொழிலில் உயிரிழந்த விமானிகள் பலர். ஆகவே மீண்டும் உபயோகிக்குமுன் தளத்தின் நீளம், உறுதி, வடிகால், அணுகு பாதை, கொட்டகையின் கூரை ஆகியவற்றைச் சோதித்தல் அவசியம். மேயும் ஆடுமாடுகளையும் அப்புறப்படுத்தவேண்டும்.

நிலத்தைச் சமன்செய்யும் செலவு ஒருமுறையே. பராமரிப்பு ஆண்டுதோறும் வருவது. மானியத்தை நம்பி ஒரு வேலையைத் தொடங்கும் நிலச்சுவான்தார்களும், அதற்குச் சிபார்சு செய்யும் கிராம அதிகாரிகளும், மானியம் நின்றபின் அதனைப் பேணும் வருமானம் நிலத்திலிருந்தே கிடைக்குமா என்பதை முன்னரே கணக்கிடுதல் நலம்.