ஐந்து சென்டிமீட்டர் தாத்தா!

ராணுவத்தில் இருந்தவர்கள் வீட்டுப் பரணில் பெரும்பாலும் ஒரு தகர டிரங்குப் பெட்டி இருக்கும். மேலே வெள்ளைப் பெயின்ட்டில் பெயரும் நம்பரும். உள்ளே சில பதக்கங்கள், ஒரு குரூப் போட்டோ, பழுப்பேறிய டிஸ்சார்ஜ் புத்தகம். `தாத்தா சண்டைக்குப் போனார்' என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எங்கே போனார், அங்கே என்ன செய்தார் என்று கேட்டால் பதில் இருக்காது. 1971 போரில் இருபது வயதில் நின்றவர்களுக்கு இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது. கேட்க நினைப்பவர்கள் இப்போதே கேட்டுவிட வேண்டும்.

அப்படிக் கேட்பதற்கு ஒரு நல்ல சாக்கு, டயோரமா. போர்க்களத்தின் ஒரு நொடியை ஒரு பலகைக்குள் சின்னதாகக் கட்டி வைக்கும் கலை. 1822-ல் பாரிஸில் லூயி டாகேர் தன் பிரமாண்ட ஓவியக் காட்சிக்கு வைத்த பெயர் இது. நமக்கும் அந்நியமில்லை. கொலுப்படிக்குப் பக்கத்தில் பார்க்கும் சந்தையும் கிரிக்கெட் மைதானமும் அமைக்கிறோமே, அதேதான். ஆனால், இங்கே ஒவ்வொரு பொம்மைக்கும் ஒரு நிஜ மனிதர் இருக்கிறார்.

பதக்கம் சொல்லும் முகவரி

முதல் வேலை, பெயின்ட் வாங்குவதல்ல, பெட்டியைத் திறப்பது. 1971 போர்க்காலப் பதக்கங்களில் `பூர்வி ஸ்டார்' இருந்தால் அவர் கிழக்கு முனையில் இருந்தவர். `பஷ்சிமி ஸ்டார்' என்றால் மேற்கு முனை. டிஸ்சார்ஜ் புத்தகத்தில் படைப்பிரிவின் பெயர் இருக்கும். மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் தலைமையிடம் நீலகிரி மாவட்டம் வெலிங்டனில். மெட்ராஸ் சாப்பர்ஸுக்கு பெங்களூரில். புத்தகத்தில் புரியாத குறிப்புகள் இருந்தால், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

பிறகு தாத்தாவிடம் உட்கார வேண்டும். ``எத்தனை பேரைச் சுட்டீங்க?'' என்று ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவார். ``குளிருக்கு என்ன போட்டுக்கிட்டீங்க தாத்தா? டீ எதுல குடிச்சீங்க?'' என்று கேட்டுப் பாருங்கள். சின்னக் கேள்விகளுக்குத்தான் பெரிய கதைகள் வெளியே வரும். பேசப் பிடிக்கவில்லை என்றால் வற்புறுத்தக் கூடாது.

டேங்க்கா, டேப்பா?

ஓர் உதாரணம். 1971 டிசம்பரில் ஷகர்கர் பகுதியில் நடந்த பசந்தர் போர் என்றதும் நினைவுக்கு வருபவர், டிசம்பர் 16-ம் தேதி உயிர்நீத்து, பரம்வீர் சக்ரா பெற்ற 21 வயது அருண் கேதர்பால். அவருடைய செஞ்சுரியன் டேங்க்கின் பெயர் `ஃபமகுஸ்டா'. மாடல் செய்பவர்கள் எல்லோரும் அந்த டேங்க்கைத்தான் செய்ய ஆசைப்படுவார்கள்.

ஆனால், டேங்க் ஓடுவதற்குக் கண்ணிவெடி வயலில் பாதை வேண்டுமே! குண்டு மழைக்கு நடுவே அந்தப் பாதையைத் திறந்தவர்களில் மெட்ராஸ் சாப்பர்ஸின் 9-வது பொறியாளர் ரெஜிமென்ட்டும் உண்டு. அதன் மேஜர் விஜய் ரத்தன் சௌத்ரிக்கு வீரமரணத்துக்குப் பின் மகாவீர் சக்ரா அளிக்கப்பட்டது. பாதை முழுதாகத் தயாராகும் முன்பே, பூனா ஹார்ஸ் படையின் தளபதி ஹனுத் சிங் டேங்க்குகளை அதன் வழியே செலுத்த முடிவெடுத்தார்.

உங்கள் தாத்தா அப்படியொரு சாப்பராக இருந்தால், காட்சியின் நாயகன் டேங்க் அல்ல. மண்ணில் குப்புறப் படுத்து, கம்பியைச் சாய்வாகச் செருகி வெடியைத் தேடும் மனிதர். அவருக்குப் பின்னால் பாதையைக் குறிக்கும் வெள்ளை டேப். டேங்க் பின்னணியில் காத்திருக்கட்டும்.

கட்டும் விதம்

1/35 அளவு வசதியானது. 170 செ.மீ உயர மனிதர் இதில் ஐந்து சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக இருப்பார். இடம் குறைவு என்றால் 1/72. அதில் அவர் இரண்டரை சென்டிமீட்டர்கூட இருக்க மாட்டார். செஞ்சுரியன் டேங்க் கிட்களை டாமியா, ஏ.எஃப்.வி கிளப் போன்ற நிறுவனங்கள் வெளியிட்டிருக்கின்றன. இந்திய வீரர்களின் உருவங்கள் கிடைப்பது அரிது. பிரிட்டிஷ் வீரர்களின் உருவத்தை வாங்கி, எம்-சீல் போன்ற எபாக்ஸி புட்டியில் தலைப்பாகையோ கம்பளித் தொப்பியோ வனைந்து, ஆலிவ் பச்சை அடித்து மாற்ற வேண்டியதுதான்.

தரைக்கு ஒரு பலகை, அதன்மேல் தெர்மாகோல், அதன்மேல் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். தெர்மாகோல் மீது நேரடியாக ஸ்ப்ரே பெயின்ட் அடித்தால் அது கரைந்துவிடும், ஜாக்கிரதை. சலித்த மண்ணை ஃபெவிகாலில் ஒட்டலாம். நம் ஊர்ச் செம்மண்ணைத் தூவினால் அது பசந்தர் கரை ஆகாது. அந்தச் சமவெளி மண் வெளிறிய பழுப்பு. நாணல் புதருக்குத் தேங்காய் நார் போதும். டேங்க்கின் இடுக்குகளில் நீர்த்த பழுப்பு பெயின்ட்டை ஓடவிட்டு, சாக்பீஸ் தூளைத் தடவினால் பல நாள் புழுதி படிந்ததுபோல ஆகிவிடும். கடைசியில் ஒரு கண்ணாடிப் பெட்டி அவசியம். இல்லையென்றால் நிஜத் தூசி படிந்துவிடும்.

எதை வைக்கக் கூடாது?

ரத்தமும் சடலங்களும் தத்ரூபத்தைக் கூட்டும் என்று சிலர் நினைப்பார்கள். அது உங்களுக்கு பொம்மை. அவருக்கோ பக்கத்தில் விழுந்த நண்பன். எந்த நொடியைக் காட்டுவது என்பதை அவரே சொல்லட்டும். அவர் சண்டையை விட்டுவிட்டு, பங்கரில் நாலு பேர் ஒரே மக்கில் டீ குடித்த விடியற்காலையைச் சொன்னால், அதையே கட்டுங்கள். பாதி முடிந்ததும் ஒருமுறை அவரிடம் காட்டுங்கள். ``ஹெல்மெட்டை அப்படிப் போட மாட்டோம்டா'' என்று அவர் திருத்தும் இடத்தில் எந்தப் புத்தகத்திலும் இல்லாத ஒரு தகவல் கிடைக்கும்.

பலகையின் முன்புறம் அவர் பெயர், படைப்பிரிவு, இடம், தேதி. அடிப்புறம் இன்னும் இரண்டு வரி: யார் சொல்லக் கேட்டது, யார் செய்தது. ஐம்பது வருடம் கழித்து அந்தப் பெட்டியைத் துடைக்கும் கொள்ளுப்பேத்திக்கு யாரிடமும் விசாரிக்கும் அவசியம் இருக்காது.