உங்களுக்குத் தெரியுமா? வல்வைக் கப்பல் அமெரிக்கா போன கதை

யாழ். நகரிலிருந்து ஒரே நாளில் போய்வரக்கூடிய கடற்கரை ஊர் வல்வெட்டித்துறை, சுருக்கமாக வல்வை. மீன்பிடியோடு கப்பலோட்டத்துக்கும் பேர்போனது.

■ இவ்வூர் மேஸ்திரிமார் கட்டிய 'அன்னபூரணி' என்ற இரட்டைப் பாய்மரக் கப்பலை அமெரிக்கரான வில்லியம் ரொபின்சன் வாங்கினார். வல்வை மாலுமிகள் அதைச் சூயஸ் கால்வாய், மத்தியதரைக் கடல், அத்திலாந்திக் வழியே செலுத்தி, 1938இல் மசாசுசெட்ஸின் குளொஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள்.

■ தைப்பொங்கலன்று போனால் கடற்கரையில் பட்டப்போட்டி பார்க்கலாம். அந்தப் பருவத்து வடகீழ்க் காற்றில் பென்னம்பெரிய பட்டங்களும் ஏறும்.

■ போகும் வழியில் தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதி முருகன் கோயில். அப்பால் பருத்தித்துறையில் 1916இல் எழுந்த வெளிச்சவீடு. இரண்டையும் அதே நாளில் பார்த்துவிடலாம்.