வில்லன் நிக்கல்... ஹீரோ டைட்டானியம்!

'சீக்ளர்-நாட்டா கேட்டலிஸ்ட் என்றால் என்ன?' கெமிஸ்ட்ரி பேப்பரில் ரெண்டு மார்க் கேள்வி. "டைட்டானியம் குளோரைடு ப்ளஸ் ட்ரை எத்தில் அலுமினியம்"னு ஒரு வரி எழுதிட்டு அடுத்த கேள்விக்குத் தாவிடுவோம். ஆனா, அந்த ஒரு வரிக்குப் பின்னாடி சொதப்பிப் போன ஒரு எக்ஸ்பெரிமென்ட், ரெண்டு பிஎச்.டி. மாணவர்கள், ஒரு நோபல் பரிசு, கசந்துபோன ஒரு நட்புன்னு முழுநீள மசாலா படமே ஓடுது பாஸ்!

லொகேஷன், ஜெர்மனியில் இருக்கும் முல்ஹைம் நகரம். அங்கே நிலக்கரி ஆராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநர் கார்ல் சீக்ளர். பாலி எத்திலீன் அப்பவே இருந்தது. 1933-ல் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. கம்பெனியில் தற்செயலாகக் கிடைத்த பொருள் அது. ஆனால், அதைத் தயாரிக்க ஆயிரம் மடங்கு வளிமண்டல அழுத்தத்துக்கும் மேலே வேண்டும். சீக்ளர் வேறு ரூட் பிடித்தார். ட்ரை எத்தில் அலுமினியத்தோடு எத்திலீனைச் சேர்த்து சூடாக்கினால், அலுமினியத்தில் ஒட்டிக்கொண்டு கார்பன் சங்கிலி கொஞ்சம் கொஞ்சமாக நீளும். (இந்த ட்ரை எத்தில் அலுமினியம், காற்று பட்டாலே தீப்பிடிக்கும் சமாசாரம். ஹாஸ்டல் ரூமில் யாரும் முயற்சி பண்ண வேண்டாம்!) என்ன ஒரு குறை... சங்கிலி ஓரளவுக்கு மேல் நீளவே இல்லை.

இந்த நேரத்தில்தான், ஆராய்ச்சி மாணவர் எர்ஹார்ட் ஹோல்ஸ்காம்ப் செய்த சோதனை மொத்தமாக ஊத்திக்கிச்சு. நீளமான சங்கிலிக்குப் பதில் வெறும் பியூட்டீன். அதாவது, ரெண்டே ரெண்டு எத்திலீன் சேர்ந்ததோடு சரி. நம்ம லேப் என்றால், பக்கத்து பேட்ச் ரீடிங்கைப் பார்த்து எழுதிட்டுப் போயிருப்போம். அங்கே அப்படி விடவில்லை. 'ஏன் இப்படி ஆச்சு?'ன்னு துருவிக்கொண்டே போனார்கள். கடைசியில் சிக்கிய குற்றவாளி, அழுத்தக் கலனுக்குள் ஒட்டியிருந்த துளியூண்டு நிக்கல்!

சீக்ளர் யோசித்தார். நிக்கல் இப்படிக் கெடுக்கிறது என்றால், வேறு எந்தெந்த உலோகம் கெடுக்கும்? இன்னொரு மாணவர் ஹைன்ஸ் பிரைல், தனிம அட்டவணையில் இருந்து ஒவ்வொரு உலோகமாக எடுத்துப் போட்டுப் பார்த்தார். வில்லன்களைத் தேடப் போன இடத்தில் ஹீரோ வந்து நின்றது. சிர்கோனியம் போட்டதும் கலனுக்குள் வெள்ளை வெளேரென்று பாலி எத்திலீன்! அடுத்து, சீக்ளரின் உதவியாளர் ஹைன்ஸ் மார்ட்டின் டைட்டானியம் டெட்ராகுளோரைடைப் போட, வினை இன்னும் வேகமெடுத்தது. கலனும் வேண்டாம், அழுத்தமும் வேண்டாம். பழம் பதப்படுத்தி வைக்கிற மாதிரி கண்ணாடி ஜாடியே போதும் என்று ஆனது. பேட்டன்ட் விண்ணப்பம் போனது 1953 நவம்பரில்.

சரி, டைட்டானியத்துக்கு அப்படி என்ன ஸ்பெஷல்?

பழைய முறையில், சங்கிலியின் நுனியில் ஒரு ஃப்ரீ ரேடிக்கல் துறுதுறுன்னு இருக்கும். அந்த நுனி சும்மா இருக்காது. வளைந்து வந்து தன் உடம்பிலிருந்தே ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்கும். பிடுங்கின இடத்தில் கிளை முளைக்கும். கிளை கிளையாக இருந்தால் சங்கிலிகள் நெருக்கமாக அடுக்க முடியாது. அதனால்தான் கவர் மாதிரி மெத்துன்னு பிளாஸ்டிக்.

டைட்டானியத்தில் கதையே வேற. தலைமுடி நுனியிலா வளருது? வேரில்தானே! இங்கேயும் சங்கிலி, உலோகத்தோடு ஒட்டியிருக்கிற அடியில்தான் வளரும். டைட்டானியத்தைச் சுற்றி ஒரு சீட் காலி. எத்திலீன் தன் பை எலெக்ட்ரான்களை டைட்டானியத்தின் காலி டி-ஆர்பிட்டாலுக்குக் கொடுத்துவிட்டு அதில் உட்காரும். பக்கத்து சீட்டில் இருக்கும் சங்கிலி நகர்ந்து வந்து அதோடு கைகோத்துக்கொள்ளும். இப்போ சங்கிலியின் பழைய சீட் காலி. அடுத்த எத்திலீன் அங்கே ஏறும். இப்படியே ஆயிரக்கணக்கில்! 1964-ல் கோசி என்ற விஞ்ஞானி கொடுத்த விளக்கம் இது. கிளை கிடையாது என்பதால் சங்கிலிகள் நெருக்கமாக அடுக்கி, பக்கெட் செய்யும் அளவுக்கு உறுதியான பிளாஸ்டிக் கிடைக்கிறது.

இத்தாலிக்கு வருவோம். மிலான் பாலிடெக்னிக்கில் பேராசிரியர் ஜூலியோ நாட்டா. மாண்டிகாடினி கம்பெனி மூலமாக சீக்ளரின் ரகசியம் அவருக்கும் தெரியும். எத்திலீனுக்குப் பதில் புரொப்பிலீனைப் போட்டார். 1954 மார்ச் 11 அன்று பாலி புரொப்பிலீன் ரெடி. அதில் மெத்தில் குழுக்கள் எல்லாம் ஒரே பக்கமாக, அசெம்பிளி லைன் மாதிரி வரிசை கட்டி நின்றன. வரிசை கலைந்தால் அது பிசுபிசு பிசின். வரிசையாக நின்றால் 160 டிகிரி செல்ஷியஸ் தாண்டியும் உருகாத கெட்டிப் பொருள். நம்ம கேன்டீன் பிளாஸ்டிக் சேர், சிமென்ட் மூட்டை, ஊசி சிரிஞ்ச் எல்லாம் இந்த வகையறாதான். இந்த வரிசைக்கு 'ஐசோடாக்டிக்'னு பேர் வைத்தது நாட்டாவின் மனைவி ரோசிட்டா.

சீக்ளருக்கு விஷயம் தெரிந்தபோது நாட்டா தரப்பு பேட்டன்ட்டுக்கே விண்ணப்பித்துவிட்டிருந்தது. அதோடு நட்பு கசந்தது. 1963-ல் இருவருக்கும் சேர்த்தே நோபல் பரிசு கிடைத்தது வேற கதை. ஹோல்ஸ்காம்ப், பிரைல், மார்ட்டின் பெயர்கள் நம்ம டெக்ஸ்ட் புக்கில் வருவதே இல்லை. எனக்கு இதுதான் பெரிய வருத்தம். ஜாடியில் கைவைத்தவங்க அவங்கதானே!

ஆமா, அந்த வில்லன் நிக்கல் என்ன ஆச்சு? அதன் பிரச்னை ரொம்ப சிம்பிள். டைட்டானியம் மாதிரியே எத்திலீனைப் பிடிக்கும். ஆனால், கொஞ்ச தூரத்திலேயே சங்கிலியின் ஒரு ஹைட்ரஜனைத் தான் வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கழற்றி விட்டுவிடும். 1995-ல் அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் மாரிஸ் புரூக்ஹார்ட் குழு, நிக்கலைச் சுற்றி டை-இமைன் என்ற பெரிய லிகாண்டை மாட்டியது. பக்கவாட்டில் பருமனான பென்சீன் வளையங்கள், ரெண்டு பாடிகார்டு மாதிரி! மேலேயும் கீழேயும் வழி அடைபட்டதால் சங்கிலி எளிதில் கழன்று போக முடியவில்லை. அதே நிக்கல், நீள நீளமான பாலி எத்திலீனைத் தர ஆரம்பித்தது. அதோடு விடவில்லை. சங்கிலி மேலேயே முன்னும் பின்னும் நடந்து போய், நின்ற இடத்தில் கிளையும் விடுகிறது. வெறும் எத்திலீன் மட்டும்தான் சரக்கு. வெப்பத்தையும் அழுத்தத்தையும் மாற்றினால், கெட்டியான பிளாஸ்டிக்கும் வரும், ரப்பர் மாதிரி இழுபடுகிறதும் வரும்.